ஆட்டமும் அறமும்

விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தால் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுதும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர் மன்னிப்புக் கேட்பதில்லை. திரைப்படத்தைப் பற்றி எழுதுகிறவரும் இப்போது கேட்பதில்லை. கணிப்பொறியில் ஆடும் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவன் மட்டும், பொழுதை வீணாக்கும் பிள்ளை என்ற பெயரைத் தோளில் சுமந்துகொண்டே பேனாவை எடுக்க வேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து பேசும்போதெல்லாம் என் தந்தையார் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இன்னும் அந்தப் பொம்மை ஆட்டத்தை விடவில்லையா?" விடவில்லை. ஆயின் அந்தப் பொம்மை ஆட்டங்களில் ஒன்று சென்ற ஆண்டு ஓர் இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் கதையைச் சொல்லாமல் என் கருத்தைச் சொல்ல இயலாது. ஆதலின் சற்றுப் பொறுமையோடு படிக்குமாறு நண்பர்களை வேண்டுகிறேன்.

சுட்டுத் தள்ளி எண்ணிக்கை கூட்டும் ஆட்டங்களைப் பற்றியோ, பந்தயக் கார் ஓட்டும் ஆட்டங்களைப் பற்றியோ நான் பேச வரவில்லை. கதை சொல்லும் ஆட்டங்களைப் பற்றிப் பேசுகிறேன். கதையின் நடுவே நின்று, "நீ என்ன செய்வாய்?" என்று ஆடுபவரையே கேட்டு, அவர் சொல்லும் விடைக்கு ஏற்பக் கதையைத் திருப்பும் ஆட்டங்கள் பல வந்துவிட்டன. நாவலைப் படிக்கிறவர் கதைத் தலைவன் தவறு செய்யும்போது வருந்தலாம்; கையைப் பிடித்து நிறுத்த முடியாது. இங்கே நிறுத்தலாம். நிறுத்தாமல் விட்டால், விட்டவர் நாமே. இந்தப் புதுமையைக் கண்டு, இனி அறநூலே வேண்டா, ஆட்டமே போதும் என்பார் ஒரு சாரார். பொத்தானை அமுக்குவதில் அறம் எங்கே வந்தது என்று நகைப்பார் மற்றொரு சாரார். எங்கள் விடுதியில் இரு சாராரும் இருக்கிறார்கள். நள்ளிரவில் இரு சாராருக்கும் தேநீர் போட்டுக் கொடுக்கிறவன் நான்.

நம் பாட்டிமார் ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடிய பரமபத சோபனப் படத்தை நினைத்துப் பாருங்கள். நற்குணம் ஏணி, தீக்குணம் பாம்பு. அறத்தைக் கற்பிக்கவே வரைந்த படம் அது. ஆனால் ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் விழுவதும் தாயம் விழுகிற வகையைப் பொறுத்தவை. ஆடுபவர் பொறாமை கொண்டதால் பாம்பு கடிப்பதில்லை. ஐந்து விழுந்ததால் கடிக்கிறது. விளைவு உண்டு, தேர்வு இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது இதைப் பாட்டியிடம் கேட்டு ஒரு குட்டு வாங்கியதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

1985ஆம் ஆண்டில் ரிச்சர்டு கேரியட் என்பவர் படைத்த 'அல்டிமா நான்கு' என்னும் கணிப்பொறி ஆட்டம் நேர் எதிரான வழியில் சென்றது. அதில் கொன்று வெற்றி காண்பதற்குப் பேரரக்கன் ஒருவனும் இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டுப் பண்புகளில் தேறி 'அவதாரம்' என்னும் நிலையை எய்துவதே அதன் குறிக்கோள். (சொல் நம் நாட்டிலிருந்து போனது. போன இடத்தில் பொருள் கொஞ்சம் மாறிவிட்டது, போகட்டும்.) அந்த ஆட்டத்தில் மந்திர மூலிகை விற்பவர்களுக்குக் கண் தெரியாது. வாங்கிய பொருளுக்கு எத்தனை காசு என்பதை ஆடுபவரே எண்ணிக் கையில் போட வேண்டும். குறைத்துப் போட்டாலும் வாங்கிக்கொள்வார்கள். மணி அடிப்பதில்லை; திரை சிவப்பதில்லை; யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. நெடுநேரம் கழித்து, அரண்மனையில் இருக்கும் முனிவரிடம் போய், நான் எவ்வளவு தேறியிருக்கிறேன் என்று கேட்கும்போதுதான், நேர்மையில் நீ பின்தங்கிவிட்டாய் என்ற விடை வரும். அப்போதுதான் அந்த மூலிகைக் கடை நினைவுக்கு வரும்.

அந்தக் கடையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரும்பொருள் செலவிட்டு வந்த ஆட்டங்கள் பல அதை மறந்துவிட்டன. 2007ஆம் ஆண்டு வெளிவந்த 'மாஸ் எஃபெக்ட்' என்னும் விண்வெளிக் கதையைப் பாருங்கள். சொல்வளத்திலும் மாந்தர் படைப்பிலும் அது உயர்ந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பண்போடு பேசினால் நீலக் கணக்கில் ஒரு புள்ளி. முரட்டுத்தனமாகப் பேசினால் சிவப்புக் கணக்கில் ஒரு புள்ளி. கணக்கு ஏறினால் புதிய பேச்சுகள் திறக்கும். அதனால் ஆடுபவர் என்ன செய்கிறார்? முதல் நாளே 'நான் நீலம்' என்று முடிவு கட்டிக்கொள்கிறார். பண்பான விடை திரையில் எப்போதும் மேற்புறத்திலேயே நிற்பதால், சொற்களைப் படிக்காமலே மேலே இருப்பதை அமுக்கிக்கொண்டு போகிறார். எங்கள் விடுதியில் ஒரு கையில் சிற்றுண்டி வைத்துக்கொண்டு ஓர் உலகத்தையே இவ்வாறு காத்த வீரர் ஒருவர் இருக்கிறார்.

அதே ஆண்டில் வந்த 'பயோஷாக்' இன்னும் ஒரு படி மேலே போனது. கடலடி நகரம் ஒன்றில் பேய் பிடித்தவர்கள் போல் அலையும் சிறுமிகள். அவர்கள் உடலில் ஊறும் 'ஆடம்' என்னும் பொருள் ஆடுபவருக்கு ஆற்றல் தரும். சிறுமியைக் கொன்றால் 160 கிடைக்கும், காப்பாற்றினால் 80. கேட்கும்போது நெஞ்சு நடுங்குகிறது அல்லவா? ஆனால் மூவரைக் காப்பாற்றியவுடன் நன்றிப் பரிசாக 200 வந்து சேர்கிறது. மூவரைக் கொன்றவருக்கு 480. காத்தவருக்கு 440, அதற்கு மேல் வேறு சில பரிசுகளும். ஆகக் குழந்தையின் உயிருக்காக ஆடுபவர் இழந்தது 40. அதுவும் பரிசுகளால் ஈடாகிவிடுகிறது! ஆய் அண்டிரனின் கொடையைப் புறநானூற்றில் பாடிய முடமோசியார், மறுமைப் பயனைக் கணக்கிட்டு நடத்தும் வாணிகம் அவனுடைய கொடையில் இல்லை என்பதைத்தான் பெருமையாக எடுத்துச் சொன்னார். அந்தப் புலவர் இந்த ஆட்டத்தைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

புள்ளிக் கணக்கு மட்டுமே இவற்றின் குறை அன்று. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 'இதோ உன் அறம் சோதிக்கப்படுகிறது, எழுந்து நில்' என்று முன்னதாகவே பறையறைந்துவிடுகிறார்கள். பாட்டு மாறுகிறது, முகம் பெரிதாகிறது, இரண்டு விடைகள் எதிரே நிற்கின்றன. தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவன் ஒழுங்காகத்தான் இருப்பான். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2013ஆம் ஆண்டில் லூக்கஸ் போப் என்பவர் ஏறக்குறையத் தனி ஒருவராகச் செய்து வெளியிட்ட ஆட்டம் 'பேப்பர்ஸ், பிளீஸ்'. 1982ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாடு. அண்டை நாட்டோடு ஆறு ஆண்டு நடந்த போர் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. வேலைக்கான குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்து, எல்லைச் சாவடியில் ஆய்வாளராக அமர்கிறீர்கள். வரிசையில் வருபவர்களின் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை முத்திரை, பிழையிருந்தால் சிவப்பு முத்திரை. ஆள் ஒன்றுக்கு ஐந்து காசு கூலி. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமன். கூலி குறைந்தால் அன்றிரவு அடுப்புக்கு விறகில்லை, அல்லது சோறில்லை. இரண்டும் இல்லையென்றால் ஒருவர் நோயில் விழுவார். மருந்து வாங்காவிட்டால் இறப்பார். திரையில் காண்பதெல்லாம் மேசை, காகிதங்கள், ஒரு மங்கலான முகம், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். இவ்வளவுதான். நாளுக்கு நாள் சட்டம் மாறும், காகிதம் பெருகும்.

ஐந்தாம் நாள் ஒருவர் வருகிறார். காகிதங்கள் எல்லாம் சரி. உள்ளே போகும்போது, "என் மனைவி பின்னால் வருகிறாள், அவளிடம் அன்பாக இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்து அந்த அம்மையார் வருகிறார். நுழைவுச் சீட்டு இல்லை. திரும்பிப் போனால் உயிர் தங்காது என்கிறார். விடுவதா, தடுப்பதா?

பச்சை முத்திரை குத்தினேன். சட்டப்படி அது பிழை. உடனே அச்சுப்பொறி கரகரவென்று ஓர் எச்சரிக்கைத் தாளைக் கக்கியது. இந்த ஆட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. நாளொன்றுக்கு முதல் இரண்டு பிழைகளுக்கு எச்சரிக்கை மட்டுமே. மூன்றாவது பிழையிலிருந்துதான் கூலியில் பிடித்தம். அதாவது ஒரு நாளைக்கு இரண்டு கருணை இலவசம், ரேஷன் கடைச் சர்க்கரை போல! கண் அயர்ந்து தேதியைப் பார்க்கத் தவறினால் அந்தப் பங்கு வீணாகிவிடும். பிறகு வருகிற ஏழைக்கு இரங்க நம்மிடம் சரக்கு இருக்காது. சோர்வுக்கும் இரக்கத்துக்கும் ஒரே பையிலிருந்து காசு எடுக்க வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எந்த நூலும் காட்டியதில்லை.

அந்த அம்மையாரை விட்டதில் எனக்கு மிகுந்த பெருமை. மறுநாள் தேநீர் அவையில் அதைப் பற்றி முழங்கினேன். பொத்தானில் அறம் ஏது என்று நகைப்பவர்கள்கூட அன்று கொஞ்சம் அடங்கித்தான் இருந்தார்கள்.

இது நடந்து மூன்று வாரங்களுக்குள் எங்கள் பல்கலைக்கழக ஆண்டு விழா வந்தது. தலைநகரின் குளிர் இன்னும் போகாத மாதம். தொண்டர்களாகப் பெயர் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். எனக்குக் கிடைத்த இடம் வாயில்! கையில் ஒரு பட்டியல், கழுத்தில் ஒரு பட்டை, 'அடையாள அட்டை இல்லாதவர்களை விடக்கூடாது' என்ற கட்டளை. இரவு எட்டு மணிக்கு மேல் பாட்டுக் கச்சேரி. வரிசை சாலை வரை நீண்டிருந்தது.

எங்கள் விடுதி மெஸ்ஸில் ரொட்டி போடுகிற ஒருவர் வந்தார். நாள்தோறும் இருவேளை காணும் முகம். இந்தியில் அவரும் என்னைப் 'பையா' என்பார், நானும் அவரைப் 'பையா' என்பேன். அண்ணன் என்று பொருள். ஊரில் யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் அடி விழும் என்று எங்களுக்குள் ஒரு சிரிப்பு உண்டு. அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று நின்றது. தலையில் பெரியவர்களுடைய கம்பளித் தொப்பி. "பையா, குழந்தை விளக்கு பார்க்க வேண்டும் என்கிறாள். பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறோம்" என்றார். அட்டை கேட்டேன். ஒப்பந்தக்காரர் வைத்திருக்கிறார் என்றார். 'அட்டை இல்லாமல் முடியாது, பையா' என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வேலிக்கு வெளியே இருந்தே கொஞ்சம் விளக்குத் தெரியும். அதைக் காட்டிவிட்டு நடந்து போனார். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகியிராது. அடுத்த ஆள், அடுத்த அட்டை.

அன்றிரவே, அதே வாயிலில், விழாக் குழு நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பிய ஒரு வரியை நம்பி, வேறு கல்லூரியிலிருந்து வந்த ஆறு பேரை அட்டை இல்லாமல் உள்ளே விட்டேன். அவர்களில் ஒருவர் எனக்கு நன்றிகூடச் சொன்னார்.

இரவு ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி, தூக்கம் வராமல், பழைய ஆட்டத்தைத் திறந்தேன். வரிசை. முகம். காகிதம். சிவப்பு முத்திரை. அந்த அரை நிமிடம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அர்ஸ்டோட்ஸ்காவில் ஓர் அம்மையாரை விட்டதற்காக மார்தட்டிக்கொண்டேனே, அவருக்கு முன்னும் பின்னும் சிவப்பு முத்திரை குத்தி அனுப்பியவர்கள் எத்தனை பேர்? நாள் கடந்த சீட்டு, எடை பொருந்தாத உடல், ஊர்ப் பெயர் தவறிய தாள் என்று எத்தனை முகங்கள்! ஒருவர் முகமும் நினைவில்லை. அந்த அம்மையாரை நான் கண்டது, கதையாசிரியர் கணவனை முன்னால் அனுப்பி என் தோளைத் தட்டிக் காட்டியதால். தட்டாத இடங்களில் எல்லாம் நான் நல்ல குமாஸ்தாவாகவே இருந்திருக்கிறேன். வாயிலில் வந்த ரொட்டிக்காரருக்கு முன்னால் தூதனுப்ப யாரும் இல்லை. ஆட்டத்திலாவது மூன்றாவது கருணைக்குக் காசு பிடிப்பார்கள். அந்த வாயிலில் எனக்கு ஒரு காசு நட்டமில்லை, கேட்பாரும் இல்லை.

ஆகவே, ஆட்டம் ஆடினால் நல்லவன் ஆகலாம் என்பாரிடம் என்னையே சான்றாக நிறுத்துகிறேன்: ஆகவில்லை. ஆட்டத்தில் ஒன்றுமே இல்லை என்பாரிடமும் என்னையே நிறுத்துகிறேன்: அந்த ஆட்டம் இல்லாவிட்டால், அந்த வாயிலில் நான் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன் என்பதே எனக்குத் தெரிந்திராது. கட்டளைப்படி வேலை செய்துவிட்டு வந்து நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இதனால்தான் தேர்வை அன்றாடப் பழக்கத்துக்குள் புதைத்துவைக்கும் ஆட்டங்களே உயர்ந்தவை என்பது என் துணிபு. கண் தெரியாதவரின் மூலிகைக் கடை அத்தகையது. 2015ஆம் ஆண்டில் டோபி ஃபாக்ஸ் படைத்த 'அண்டர்டேல்' அதனினும் கூர்மையானது. நிலத்தடியில் விழுந்துவிட்ட ஒரு குழந்தை. எதிரே வரும் விந்தை உயிர்கள். மற்ற ஆட்டங்களில் பழகிய கை என்ன செய்யும்? எதிர்ப்பட்டதை அடிக்கும், 'அனுபவம்' என்று நாம் நினைக்கிற புள்ளி ஏறும், 'நிலை' உயரும். கதையின் கடைசிப் பகுதியில் ஒரு பாத்திரம் வந்து அந்த இரண்டு சுருக்கெழுத்துகளுக்கும் உண்மையான விரிவைச் சொல்கிறது: முதலாவது கொலைக் கணக்கு, இரண்டாவது வன்முறையின் அளவு. அதுவரை ஒரு தேர்வும் எதிர்ப்படவில்லை என்று எண்ணியிருந்தவருக்கு, அடித்த ஒவ்வோர் அடியும் தேர்வாக இருந்தது தெரியவரும். எவரையும் கொல்லாமலே அந்தக் கதையை முடிக்கலாம். அந்த வழி தொடக்கத்திலிருந்தே திறந்திருந்தது.

இங்கே என் விடுதி நண்பர் ஒருவரின் மறுப்பைச் சொல்லாமல் விட்டால் அவர் என்னோடு பேசமாட்டார். பொறியியல் மாணவர், எதையும் கழற்றிப் பார்க்கிறவர். 'இந்த ஆட்டங்களில் தேர்வு என்பதே கண்கட்டு வித்தை. நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி ஒரே நிலையத்தில்தான் நிற்கும்' என்பது அவர் கட்சி. அவர் காட்டும் சான்று 2012ஆம் ஆண்டில் வந்த 'தி வாக்கிங் டெட்'. அதன் முதற்பகுதியின் முடிவில் டக், கார்லி என்னும் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். எண்ணிப் பார்க்கச் சில நொடிகளே உண்டு. நாம் யாரைக் காப்பாற்றினாலும், மூன்றாம் பகுதியில் அவர் சுடப்பட்டுச் சாகிறார். 'பார்த்தாயா மோசடியை!' என்பார் நண்பர்.

அந்தச் சான்றை ஒப்புகிறேன்; முடிவை ஒப்பவில்லை. இரண்டு பகுதிகள் நம்மோடு நடந்தவர் டக்கா, கார்லியா என்பது பொருட்டில்லையா? நிலையம் ஒன்றாயினும் பெட்டியில் உடன் இருந்தவர் வேறு. என் குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்தக் கதையில் கிளெமெண்டைன் என்ற எட்டு வயதுச் சிறுமி வருகிறாள். நாம் அவள் எதிரில் ஒன்றைச் செய்தால், 'இதை அவள் நினைவில் வைத்துக்கொள்வாள்' என்று திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு எழும். எல்லோரும் புகழ்ந்த உத்தி அது. எனக்கும் முதலில் பிடித்திருந்தது. விழாவுக்கு மறுநாள் காலையில் மெஸ்ஸுக்குப் போனபோது பிடிக்காமல் போயிற்று. ரொட்டிக்காரர் எப்போதும்போலச் சூடாக இரண்டு ரொட்டி போட்டார். 'இன்னொன்று வேண்டுமா, பையா?' என்று கேட்டார். அவர் மனத்தில் வைத்துக்கொண்டாரா இல்லையா என்று எந்த மூலையிலும் எழுதியிருக்கவில்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நம்மில் பெரும்பாலோர் ஆடுவது எப்படி? முக்கியமான இடம் வருகிறது என்று தெரிந்தவுடன் ஆட்டத்தைச் சேமித்துவைக்கிறோம். ஒன்றைத் தேர்ந்து பார்க்கிறோம். விளைவு கசந்தால் பழைய இடத்துக்குத் திரும்பி மற்றதைத் தேர்கிறோம். கோவலன் வழக்கில் பாண்டியனுக்கு இந்த வசதி இருந்திருந்தால் சிலம்பில் ஒரு காண்டம் குறைந்திருக்கும்! 'அண்டர்டேல்' இந்தத் திருட்டுத்தனத்தையும் பிடித்துவிடுகிறது. தொடக்கத்தில் அன்போடு சோறிட்டுக் காக்க வருகிற டோரியல் என்னும் தாய் போன்றவளைக் கொன்றுவிட்டு, மனம் கேளாமல் திரும்பப் போய் அவளைக் காப்பாற்றினாலும், அங்கே வரும் ஒரு பூ, நீ முன்பு செய்தது எனக்குத் தெரியும் என்று ஏளனம் செய்கிறது. எல்லோரையும் கொன்று தீர்த்து ஒருமுறை முடித்தவர், பிறகு எத்தனை நல்லவராக ஆடினாலும், அந்த நல்ல முடிவின் மேல் பழைய கறை படிந்தே வரும். நானும் பலமுறை திரும்பிப் போய்த் திருத்தியவன்தான். அந்தப் பூவின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

இவற்றையெல்லாம் கூடிப் பேசத் தக்க பொருளாக நாம் கருத வேண்டும் என்பது என் வேண்டுகோள். அயல்நாடு ஒன்றில் அரசே அப்படிக் கருதியிருக்கிறது. வார்சா நகரத்து நிறுவனம் ஒன்று 2014இல் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்' 1992 முதல் 1996 வரை நடந்த சராயேவோ முற்றுகையை நினைவில் வைத்துச் செய்யப்பட்டது. அதில் நாம் போர்வீரர் அல்லர். முற்றுகையில் அகப்பட்ட பொதுமக்கள். இரவில் உணவு தேடிப் போகும் வழியில் ஒரு முதிய தம்பதியரின் வீடு. அவர்கள் எதிர்த்துச் சண்டையிட மாட்டார்கள். மருந்தையும் உணவையும் எடுக்க வேண்டா என்று கெஞ்சுவார்கள், அவ்வளவே. எடுத்துக்கொண்டு வந்தால் நம் ஆட்களுக்கு வயிறு நிறைகிறது. ஆனால் மனம் உடைந்து சோர்கிறார்கள். யாரும் புள்ளி குறைப்பதில்லை. 2020ஆம் ஆண்டில் போலந்து அரசு இந்த ஆட்டத்தை மேல்நிலைப் பள்ளி மாணவருக்குரிய பட்டியலில் நூல்களோடு சேர்ப்பதாக அறிவித்தது. பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.

நம் மன்றத்தில் திங்கள்தோறும் ஒரு நூலை எடுத்துப் பேசுகிறோம். ஒரு திங்கள் ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் என்ன? பெரிய திரையில் போட்டு, ஒருவர் ஆட, முத்திரை குத்தும் இடத்தில் நிறுத்தி, அவை வாக்களிக்கட்டும். மாற்றுக் கருத்துடையோர் எழுந்து பேசட்டும். சேமித்துவைத்துத் திரும்பிப் போவதற்கு மட்டும் இசைவு தரக்கூடாது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றி 2023இல் வந்த 'வெண்பா'வைப் போடலாமே என்று செயலாளர் சொல்கிறார். இட்லி வேகும் ஓசைக்காகவே அதையும் போடலாம்; எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம். ஆனால் அது வேறு வகைக் கதை; அங்கே நம் தேர்வால் குடும்பத்தின் போக்கு திரும்புவதில்லை. இந்த விவாதத்துக்கு அர்ஸ்டோட்ஸ்காவே தகும். அறைக்கு மாலை ஏழு மணி வரையில்தான் அனுமதி கிடைக்கும் என்பதால் ஐந்தாம் நாள் வரை ஆடினால் போதும்.

ரொட்டிக்காரரிடம் பேச வேண்டும் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். முதலில் இடைத் தேர்வு என்று தள்ளிப்போட்டேன். பிறகு என் இந்தியைக் காரணம் காட்டினேன். 'மன்னித்துவிடுங்கள்' என்பதற்கு மேல் அந்த மொழியில் எனக்கு என்ன சொல்ல வரும்? பிறகு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மெஸ் ஒப்பந்தம் வேறொருவருக்கு மாறியிருந்தது. அடுப்பருகே புதிய ஆட்கள் நின்றார்கள். பழையவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார்கள்.

இவ்வாண்டு விழாவுக்கான தொண்டர் பட்டியல் நேற்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் என் பெயரும் இருக்கிறது. இடம்: கிழக்கு வாயில். நேரம்: இரவு எட்டு முதல் பத்து வரை.